நாடி பார்க்கும் கை மரத்துப் போகலாமா?

தமிழ்நாட்டின் வடமேற்கு வாயிலில் அமைந்துள்ளது ஜூஜுவாடி. ஒருபுறம் ஓசூரின் தொழிற்பேட்டை. எல்லையைத் தாண்டினால் கருநாடகத்து அத்திப்பள்ளி. விடியுமுன்னரே முதல் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர் தேநீர்க் கடைகளை மொய்க்கின்றனர். அதே வேளையில், அதே நெடுஞ்சாலை ஓரத்தில், வேறொரு சிறு கூட்டமும் பேருந்துக்குக் காத்து நிற்பதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். கையில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை, ஒரு பிளாஸ்க், துணைக்கு ஒருவர். பெங்களூரு மருத்துவமனைகளுக்குப் புறப்பட்ட நோயாளிகள் அவர்கள். அவர்தம் முகங்களில் ஒரே வினா எழுதியிருக்கும்: "இன்றைக்காவது டாக்டர் நின்று, கேட்டு, பதில் சொல்வாரா?"

இவ்வினாவை எதிர்கொள்பவர் பல வேளைகளில் தலைமை மருத்துவர் அல்லர்; கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன், இரவெல்லாம் விழித்த கண்களுடன் வார்டில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பயிற்சி மாணவரே. அவர் நம் வீட்டுப் பிள்ளை. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்வேன் என்று நேர்முகத்தில் சொல்லி மகிழ்ந்தவர். அந்த ஐந்தரை ஆண்டுகளில் அவருடைய உள்ளத்துக்கு நேர்வது யாது? குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

ஒரு தந்தை கேட்ட கேள்வி

எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று. குடும்பத் தலைவர் திண்டுக்கல் பக்கமிருந்து வேலை தேடி ஓசூருக்கு வந்தவர். சிறு தொழிற்கூடம் ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். பல ஆண்டுகளுக்கு முன் அம்மெஷினில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு போயின. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கித் தமிழக அரசு 2020-ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் பயனாக மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றாள். அன்று அத்தெரு முழுவதற்கும் இனிப்பு வழங்கப்பட்டது.

முதல் முறை விடுமுறைக்கு வந்தபோது, உடற்கூறு அறையில் கண்ட முதியவரின் உடலைப் பற்றிச் சொல்லி அழுதாளாம். "அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் அல்லவா அப்பா?" என்று கேட்டாளாம். ஆண்டுகள் சென்றன. இறுதியாண்டை நெருங்கும் வேளையில் வீட்டுக்கு வந்தவள், உணவருந்தியபடியே தோழியிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்: "மூன்றாம் பெட் கேஸ் இன்று காலை போய்விட்டது. அதனால் ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடிந்தது."

தந்தை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து மெல்லக் கேட்டார்: "ஏம்மா, என் விரல் போன அன்று நானும் அங்கே ஒரு கேஸாகத்தான் கிடந்தேனா?"

மகள் விடை சொல்லவில்லை. மறுநாள் என்னைச் சந்தித்த அவர், "சாமி, பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறது. மார்க்குக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போன பிள்ளை எங்கேயோ வழியில் தங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அக்கை நசுங்கிய இரவில், எத்தனையோ பேர் அவர் கட்டிலைக் கடந்து சென்றனர். பயிற்சி மருத்துவர் ஒருவர் மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தக் கையால் வேலை செய்வீர்கள்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்குச் சொல்லியாயிற்றா?" என்று கேட்டாராம். மூன்று கேள்விகள், இரண்டு நிமிடம் கூட ஆகியிராது. அந்த இளைஞரின் பெயர் இவருக்குத் தெரியாது. முகம் மறக்கவில்லை.

இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு

பிறர் துன்பத்தைக் கண்டு 'ஐயோ பாவம்' என நெகிழ்வது இரக்கம். நற்குணமே, ஐயமில்லை. ஆயினும் அது சில வேளைகளில் கரையில் நின்றே கண்ணீர் வடித்துத் திரும்பிவிடும். ஒத்துணர்வு என்பது ஒருபடி மேலானது. துன்புறுபவர் நிலையில் நம்மை நிறுத்தி, அவருடைய அச்சம் எது, அவருக்குப் புரியாதது எது, அவர் கேட்கத் தயங்குவது எது என்று உய்த்துணர்ந்து, உணர்ந்ததை அவருக்கும் தெரியுமாறு செய்வதே அது. இது நெஞ்சின் வேலை; அறிவின் வேலையுமாகும். ஆகவே இதைக் கற்கவும் முடியும், இழக்கவும் முடியும்.

நல்ல சமாரியர் உவமையை நாம் அறிவோம். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை மூவரும் கண்டனர். ஒருவர் மட்டுமே அருகில் சென்றார். அருகில் சென்றவர் அழுதுகொண்டு நின்றுவிடவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினார். சத்திரத்துச் செலவுக்கும் வழி செய்தார். பரிவும் தொழில்திறனும் அங்கே ஒரே கையில் இருந்தன. இவ்வுவமையை நமக்கு எழுதித் தந்த லூக்கா ஒரு மருத்துவர் என்பது திருச்சபையின் மரபு.

திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறுமிடத்து, நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் ஆகியோர் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். அவ்வரிசை சிந்திக்கத்தக்கது.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

பயிற்சியின்போது மாணவரின் உள்ளம் இறுகுகிறதா என்பதை வெறும் ஊகமாக விட்டுவிடாமல் அளக்கவும் முயன்றுள்ளனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதற்கென 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். 456 மாணவர்களைக் கல்லூரியில் சேர்ந்த நாள்தொட்டு ஆண்டுதோறும் வினவி, 2009-இல் முடிவை வெளியிட்டனர். முதல் இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மூன்றாம் ஆண்டின் இறுதியிலோ ஒத்துணர்வு சட்டென்று சரிந்தது; பட்டம் பெறும்வரை மீளவுமில்லை.

மூன்றாம் ஆண்டில் என்ன நிகழ்கிறது? அந்நாட்டு முறைப்படி அவ்வாண்டில்தான் மாணவர் வகுப்பறையை விட்டு வார்டுக்குள் முழுமையாக நுழைகின்றனர். நூலோடு இருந்தவரை இளகியிருந்த நெஞ்சு, நோயாளியை நெருங்கியதும் இறுகியது. எத்துணை வேதனையான முரண்பாடு!

ஆயினும் இது தலைவிதி அன்று. அதே அளவுகோலைக் கொண்டு ஜப்பானிய மருத்துவ மாணவரிடையே நடத்திய ஆய்வொன்றும் 2009-இல் வெளிவந்தது. அங்கே ஆண்டுகள் ஏற ஏற ஒத்துணர்வும் ஏறியே காணப்பட்டது. அன்றியும், இத்தகைய அளவுகோல் மாணவர் தம்மைக் குறித்துச் சொல்வதையே அளக்கும்; கட்டில் அருகே அவர் நடந்துகொள்வதை அன்று. எனவே ஒன்று மட்டும் உறுதி: பயிற்சி முறையும் சூழலும் உள்ளத்தை உருவாக்குகின்றன. இறுகச் செய்யும் சூழல் உண்டெனில், இளகச் செய்யும் சூழலும் இருக்க வேண்டும்.

ஏன் இறுகுகிறது?

காரணங்கள் பல. முதலாவது, களைப்பு. தூக்கமற்ற இரவுக்குப் பின் தொடர்ந்து வரும் பகலில், பசியோடும் சோர்வோடும் நிற்பவருக்குப் பிறர் வலியை உணரும் ஆற்றல் குறைவது இயற்கை. எண்ணெய் வற்றிய விளக்கைத் திரி சரியில்லை என்று கடிந்து பயனில்லை.

இரண்டாவது, அச்சம். இருபது வயதில் முதன்முதலாகச் சாவை அருகிலிருந்து காண்கிறார் மாணவர். குழந்தையை இழந்த தாயின் ஓலம் காதில் விழுகிறது. அழுதால் 'பலவீனம்' என்பர், பேச ஆளில்லை. எனவே நெஞ்சுக்கு ஒரு கவசம் செய்துகொள்கிறார். 'அம்மா' என்பதற்குப் பதில் 'மூன்றாம் பெட்' என்று சொன்னால் வலி குறைகிறது. நாளடைவில் கவசம் கழற்ற முடியாதபடி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவதே மிக முக்கியமானது: முன்மாதிரி. பாடநூலில் இல்லாத பாடம் ஒன்று வார்டில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நோயாளி பேசி முடிக்குமுன் மூத்தவர் திரும்பி நடந்தால், மாணவரும் அவ்வாறே நடக்கக் கற்கிறார். பத்துப் பேர் முன்னிலையில் ஒரு மூதாட்டியின் ஆடையைக் கேளாமல் விலக்கினால், அதுவும் பாடமே. நோயாளிகள் முன்னிலையில் மாணவரையே இழிவாகப் பேசினால், அவர் நாளை தனக்குக் கீழ் நிற்பவரிடம் அதையே திருப்பித் தருவார். பண்பட்ட ஆசிரியர் ஒருவர் கட்டிலருகே அமர்வதைக் காணும் மாணவரோ, ஆயுள் முழுவதும் அமர்ந்தே பேசுவார்.

நம் ஓசூர்ப் பகுதிக்கு நான்காவது காரணம் ஒன்றும் உண்டு: மொழி. இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தொழிற்சாலைகளை நம்பி வட மாநிலங்களிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த இளைஞர் ஆயிரக்கணக்கானோர். தமிழ் மட்டும் அறிந்த மூதாட்டி பெங்களூரு வார்டிலும், தமிழறியாத ஒடியா இளைஞன் நம் வார்டிலும் ஊமையராய்ப் படுத்திருக்கின்றனர். 'எங்கே வலிக்கிறது?' என்ற இரு சொற்களை நோயாளியின் மொழியில் கற்றுக்கொள்வதே ஒத்துணர்வின் அரிச்சுவடி எனலாம்.

"நெகிழ்ந்தால் கை நடுங்காதா?"

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்றுக்கு இடம் தர வேண்டும். ஒவ்வொரு நோயாளியோடும் உருகிக்கொண்டிருந்தால் கத்தி பிடிக்கும் கை நடுங்காதா? அவசரப் பிரிவில் இருபது பேர் காத்திருக்க, ஒருவரோடு மட்டும் அமர்ந்திருக்க முடியுமா? மகளின் சார்பில் நானே அத்தந்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்.

அவர் சொன்ன விடை எளியது. "மெஷினில் நிற்கும்போது நானும் வேறு நினைப்பு இல்லாமல்தான் நிற்பேன், சாமி. நினைப்பு சிதறியதால்தான் விரல் போயிற்று. ஆனால் ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் நான் மெஷினாக இருப்பதில்லையே!"

அறுவை நேரத்தில் உணர்ச்சியை ஒதுக்கி வைப்பது கடமை. அதை என்றைக்குமாகத் தொலைத்துவிடுவது இழப்பு. அதுவுமன்றி, ஒத்துணர்வு சிகிச்சைக்குத் தடையன்று, துணையே. மேற்கூறிய பிலடெல்பியா ஆய்வாளர்கள் 891 நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒத்துணர்வு மிகுந்த மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோரில் அதிக விகிதத்தினர் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தனர். அடுத்த ஆண்டு இத்தாலியின் பார்மா பகுதியில் ஏறத்தாழ 21,000 நோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும், அத்தகைய மருத்துவர்களின் நோயாளிகளுக்குத் திடீர்ச் சிக்கல்கள் குறைவாகவே நேர்ந்தன. இதில் வியப்பு யாது? பயமின்றிப் பேசும் நோயாளிதான் மாத்திரையை நிறுத்திவிட்ட உண்மையைச் சொல்வான். உண்மை தெரிந்த மருத்துவர்தான் சரியாக மருந்து தருவார்.

நம் நாட்டில் கண்ட வழிகள்

இத்துறையில் நமக்கு அருகிலேயே விளக்குகள் எரிகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தோற்றமே ஒத்துணர்வின் வரலாறு. திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்த அமெரிக்க இளம்பெண் ஐடா ஸ்கடரை ஒரே இரவில் மூவர் வந்து அழைத்தனர். மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அனுமதிக்க அவர்தம் வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மாண்டிருந்தனர். அந்த இரவின் துயரமே அவரை மருத்துவம் பயில அனுப்பியது. 1900-இல் மருத்துவராகத் திரும்பி வந்தார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியை வேலூரில் தொடங்கினார். இன்றும் அக்கல்லூரியில் முதலாண்டு மாணவர் சிற்றூர் ஒன்றில் சில வாரங்கள் தங்கி, வீடு வீடாகச் சென்று, நோயை அறியுமுன் மனிதர் வாழும் முறையை அறிகின்றனர்.

நமக்கு இன்னும் அருகே, பெங்களூரில், செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி உள்ளது. இதற்கு வித்தான கனவைக் கண்டவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் மருத்துவக் கன்னியர் மேரி குளோரி. மெல்போர்னில் மருத்துவராய்ச் சிறந்து விளங்கிய அவர், 1920-இல் அனைத்தையும் துறந்து இந்தியா வந்து குண்டூரில் பணியாற்றினார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் புரியத் திருத்தந்தையின் சிறப்பு அனுமதி பெற்றார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் சங்கத்தை நிறுவினார். பரிவுள்ள மருத்துவர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்று வேண்டுமென்று விழைந்தார். 1957-இல் பெங்களூரிலேயே புற்றுநோயால் மறைந்தார். அவர் காணாத அக்கல்லூரியை ஆயர் பேரவை 1963-இல் தொடங்கியது. அங்கும் மாணவர் முதலாண்டிலேயே கிராமத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். படிப்பு முடிந்ததும் மருத்துவ வசதி குறைந்த இடங்களில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் கடப்பாடும் உண்டு.

சிலருடைய நல்லெண்ணமாக இருந்த இவ்வழி இன்று நாட்டின் பாடத்திட்டத்திலும் நுழைந்துள்ளது. 2019-இல் சேர்ந்த மாணவர் தொட்டு, மனப்பான்மை, அறநெறி, உரையாடும் திறன் ஆகியவை இந்தியா முழுவதும் மருத்துவப் படிப்பில் கட்டாயப் பாடங்கள். 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன?' என்பதே முதலாண்டுப் பாடங்களுள் ஒன்று. 'உயிரற்ற உடலே நம் முதல் ஆசிரியர்' என்பது மற்றொன்று. பல கல்லூரிகளில் மாணவர், உடற்கூறு அறையில் கத்தி எடுக்குமுன், தம் உடலை ஈந்தவருக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி ஏற்கின்றனர். சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் அவர்தம் உடல்நலனைக் கவனிக்கும் திட்டமும் வந்துள்ளது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நம் கிருஷ்ணகிரிக் கல்லூரியும் ஒன்று. அதன் மாணவர்கள் நம் தெருக்களுக்கும் வரக்கூடும். வந்தால் கதவைத் திறந்து வையுங்கள். அவர்களுக்குக் கற்பிக்க நம்மிடம் பாடம் உண்டு.

ஆனால், பாடத்திட்டம் தாளில் இருந்தால் போதாது. ஒத்துணர்வைப் பற்றிக் காலையில் வகுப்பெடுத்துவிட்டு, மாலையில் மாணவரை முப்பது மணி நேரம் நிற்க வைத்தால், அவர் கற்பது மாலைப் பாடத்தையே.

வீட்டின் பங்கு என்ன?

பெற்றோரே, மருத்துவம் பயிலும் பிள்ளை விடுமுறையில் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி எது? "எத்தனை மார்க்? மேற்படிப்புக்கு எந்தப் பிரிவு?" என்பதன்றோ? ஒருநாள் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த மாதம் நீ பார்த்த நோயாளிகளில் யாரை மறக்க முடியவில்லை?" பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அழுதால் அழவிடுங்கள். வீட்டில் அழ முடிந்த பிள்ளைக்கு வார்டில் கவசம் தேவைப்படாது. கடன் வாங்கிப் படிக்க வைத்த செலவை நாள்தோறும் நினைவூட்டினால், நோயாளியின் முகத்தில் அவர் பணத்தைத்தான் காண்பார். அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நோயாளிகளாகச் செல்லும் நமக்கும் கடமை உண்டு. பயிற்சி மாணவர் தயங்கித் தயங்கி வந்து கேட்கும்போது, "பெரிய டாக்டரைக் கூப்பிடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவரும் ஒருநாள் பெரிய டாக்டராக வேண்டியவர் அல்லரோ? 2024 நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில், பணியிலிருந்த மருத்துவரை நோயாளி ஒருவரின் மகனே கத்தியால் குத்திய கொடுமை நாட்டை உலுக்கியது. தாயின் நோய் அம்மகனுக்குத் தந்த வேதனை எத்துணையாயினும் அச்செயலுக்கு நியாயமில்லை. அச்சத்தோடு பணியாற்றும் மருத்துவர் கட்டிலருகே அமரமாட்டார். வாயிற்படியைப் பார்த்தபடியே நிற்பார். ஒத்துணர்வு இருவழிப் பாதை.

அந்த மகளின் செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். கல்லூரிக்குத் திரும்பும் நாளன்று, பேருந்து வருமுன், அவள் தந்தையின் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாளாம். சிறு வயது முதல் அக்கையைப் பிடித்து நடந்தவள்தான். எனினும், "அன்றைக்கு ரொம்ப வலித்ததா அப்பா? யார் உங்களைப் பார்த்துக்கொண்டார்கள்?" என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாளாம். அவர் அந்த ஸ்டூலின் கதையைச் சொல்லி முடிக்குமுன் பேருந்து வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து அவரிடம் அலைபேசியில் சொன்னாளாம்: "அப்பா, இன்றைக்கு ஏழாம் பெட்..." என்று தொடங்கி, நிறுத்தி, அங்கே படுத்திருந்த மூதாட்டியின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பேரன் பிறந்த செய்தியையும் சொன்னாளாம்.

"பெயர் சொன்னாள், சாமி" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். விரலிழந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்பட்டார்.

நம் இல்லங்களிலிருந்து மருத்துவராகப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும், கட்டிலின் எண்ணோடு அதில் கிடப்பவரின் பெயரையும் கேட்டறியும் பிள்ளையாக விளங்குமாறு பார்த்துக்கொள்வோம். அப்பாடம் கல்லூரியில் தொடரலாம். தொடங்க வேண்டியது நம் வீட்டில்.